ஜப்பான் அண்ணன் திறந்துவிட்ட தண்ணீர்

கோயமுத்தூர் ஜில்லாவில் ஜப்பானைப் பற்றி ஜப்பான்காரர்களைவிட அதிகம் அறிந்த ஒரே மனிதர் போத்தனூரில் எங்கள் வீதியில்தான் இருக்கிறார். இந்த விவரம் ஜப்பானுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் தூதரகத்தை டெல்லியில் வைத்திருக்க மாட்டார்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் ஜப்பான்காரர், எங்களுக்கு ஜப்பான் அண்ணன். ஒரு காலத்தில் எங்கள் பகுதிக்குக் கேபிள் டிவி நடத்தினார். இப்போது அதே கம்பங்களில் இணைய வயரை இழுத்துக் கட்டி, வீதி மொத்தத்துக்கும் இன்டர்நெட் கொடுக்கிறார். வயர் மட்டும்தான் மாறியிருக்கிறது, கம்பத்தில் ஏறும் ஆள் அதே ஆள்தான்.

பட்டம் வந்த கதை சின்னக் கதை. கேபிளுக்கு முன்னால் அண்ணன் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தார். ஜப்பானிலிருந்து இறக்கிய புது மெஷினைப் பொருத்திக் கொடுக்க அந்த ஊர் இஞ்சினியர் ஒருவர் வந்து இருபத்திரண்டு நாள் தங்கினார். அவருடைய ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் நம் அண்ணன். இருபத்திரண்டாம் நாள் இஞ்சினியர் விமானம் ஏறினார். அண்ணன் ஜப்பான்காரராகப் போத்தனூரில் தங்கிவிட்டார். அந்த மனிதர் மொத்தமே நாற்பது வார்த்தைதான் பேசினார், அதில் முப்பது “ஸ்பேனரை எடு” என்பதாக இருக்கும் என்று மில்லில் சில வயிற்றெரிச்சல்காரர்கள் சொன்னார்கள். அண்ணன் அசரவில்லை.

“பாஷைங்கறது காதுல உழுகறது இல்லீங்க. மனசுல ஊறோணும்” என்றார்.

ஊறியது. மின்சார மீட்டர் ரீடிங் எடுக்க வருபவருக்கு அண்ணன் இடுப்பு வரை குனிந்து வணக்கம் வைப்பார். மரியாதைக்கு அவரும் குனிவார். அவர் குனிந்துவிட்டாரே என்று அண்ணன் இன்னும் கொஞ்சம் குனிவார். ஒருமுறை இருவரும் குனிந்துகொண்டே கால் மணி நேரம் நின்றதில், ரீடிங் எடுக்காமலே அந்த மாதம் போய்விட்டது. ஜப்பானில் நிலநடுக்கம் என்று செய்தி வந்தால் வீதியே அவர் வீட்டு வாசலில் கூடும். “பயப்படாதீங்க. அவீங்க ஊடெல்லாம் லேசுங்க, ஒண்ணும் ஆகாது” என்று சொந்தக்காரர்கள் சார்பில் பேசுவதுபோல் பேசி அனுப்பிவைப்பார். ஜப்பான் கம்பெனி டிவி மக்கர் செய்தால், அதன் காதோரம் ஏதோ முணுமுணுத்துவிட்டு மண்டையில் ஒரு தட்டு. படம் வந்துவிடும். தட்டுக்கு வந்ததா, பாஷைக்கு வந்ததா என்று ஆராயும் துணிச்சல் எங்களுக்கு இல்லை.

நான் ஐந்தாவது படித்தபோது அண்ணன் உக்கடத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு பாய் கடைக்குப் பழைய டேப்ரிகார்டர் வாங்கப் போனார். திரும்பும்போது டேப்ரிகார்டர் இல்லை, ஒரு பை நிறைய வீடியோ கேசட் இருந்தது. அத்தனையும் ஜப்பான் கார்ட்டூன். விண்வெளிக் கப்பல், நீலமுடி கேப்டன், வெள்ளி முகமூடி போட்ட எதிரி ராஜா, பானை மாதிரி ஒரு ரோபோட். பேச்சு முழுக்க ஜப்பான் மொழி, கீழே ஒரு எழுத்தும் ஓடாது. வேறு கேபிள்காரராக இருந்தால் பையைப் பரண்மேல் போட்டிருப்பார். அண்ணன் சத்தத்தைக் குறைத்தார், மைக்கை மாட்டினார், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நேரடியாகத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

கேப்டனுக்கு எட்டு எழுத்தில் ஏதோ பெயர் உண்டாம். “நம்ம பாஷையில அதுக்கு ராசுன்னு அர்த்தமுங்க” என்றார் அண்ணன். ரோபோட்டின் பெயர் குண்டான். சண்டை எதற்கு? தண்ணீருக்கு. மேற்கால இருக்கும் ராசுவின் கிரகத்தில் தண்ணீர் நிறைய. கிழக்கால இருக்கும் முகமூடிக்காரரின் கிரகம் வறண்ட பூமி. முறைவைத்து விட வேண்டிய முறைத் தண்ணீரை விடாததால் தகராறு. திரையில் எங்கெல்லாம் நீலமாக எது ஒளிர்ந்ததோ, அதெல்லாம் தண்ணீர். ஆழியாறு பாசனக் கூட்டத்தில் நடப்பது எதுவோ அதுதான் பால்வெளியில் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு எல்லாமே தெளிவாகப் புரிந்தது.

சண்டைக் காட்சிகள்தான் கொஞ்சம் நீளும். இரண்டு கப்பலும் பீரங்கியை நீட்டிக்கொண்டு எதிரெதிரே நிற்கும்.

“ஏனுங்க முகமூடிக்காரரே, சுட்டுப்போடட்டுங்களா?”

“நீங்க எதுக்குங்க மொதல்ல? நாந்தான் பெரியவன், நான் சுடறனுங்க.”

“அதுஞ் செரிதானுங்க. சாப்ட்டீங்களா?”

“ஆச்சுங்க. நீங்க?”

இதற்குள் திரையில் நாலு கப்பல் வெடித்துச் சிதறியிருக்கும். “ஆளில்லாத கப்பலுங்க அது, பயப்படாதீங்க கண்ணு” என்று குரல் வரும்.

கடைசி எபிசோடில் ராசு தன் கப்பலின் பெரிய மதகைத் திறந்தார். நீலமாக ஒரு வெள்ளம் கிளம்பி வறண்ட கிரகத்தில் இறங்கியது. திரை முழுக்க வெள்ளையாகப் பொங்கியது. முகமூடிக்காரர் முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு மண்டியிட்டு அழுதார். “தண்ணி வந்துருச்சுங்க ராசு, தண்ணி வந்துருச்சுங்க” என்று அண்ணனின் குரலும் சேர்ந்து அழுதது.

அதன்பிறகு வருஷக்கணக்கில் எங்கள் வீதியில் ஒரே விளையாட்டுதான். முகமூடிக்காரர் தலையைக் குனிந்து நிற்க வேண்டும், ராசு அவர் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் ராசு. முகமூடிக்காரர் எப்போதும் சலீம், ஏனென்றால் டால்டா டப்பாவைப் பிரித்து முகமூடி செய்து வைத்திருந்தது அவன் ஒருவன்தான்.

அந்தத் தொடர் உலகமே கொண்டாடும் ஒரு க்ளாசிக் என்று எங்களுக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது. கர்வமாக இருந்தது. இந்த வருடம் அதை ரீமேக் செய்து, கண்ணாடி மாதிரித் துல்லியமான படத்தோடு, தமிழிலும் பேசவைத்து, வாரம் ஒரு எபிசோடாக இணையத்தில் விட்டார்கள்.

எங்கள் வீதிக்காரர்களுக்கென்று ‘ராசு கேபிள் நேயர்கள்’ என்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. போத்தனூரிலிருந்து துபாய் வரை அறுபத்தோரு பேர். இப்போது உக்கடத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சலீம்தான் அட்மின். முதல் எபிசோட் வந்த அன்றே நேயர்களின் கருத்துகள் குவிந்தன.

“கப்பல் சத்தம் செரியில்லீங்க. பேரிங் போன மோட்டார் மாதிரி உறுமுது. ஒரிஜினல்ல எவ்வளவு சுத்தமா ஓடுச்சு!” இது சலீம். ஒரிஜினலில் கப்பல் சத்தத்தை அண்ணன் வாயாலேயே கொடுத்தார் என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

“முகமூடிக்காரரை வா போன்னு பேசறாங்க. இதுதான் இந்தக் காலத்து வளர்ப்பு” என்றார் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சரக்கா.

“குண்டானை ஒல்லியாக்கிப்போட்டாங்க. இதுல எங்க இருந்து அரிசிம்பருப்பு ஆக்கறது?” இது துபாய்.

“ரெண்டு கிரகத்துக்கும் என்ன பிரச்சினைன்னே புரியலீங்க. என்னமோ எரிசக்திக் கல்லுங்கறாங்க. முறைத் தண்ணி பத்தி ஒரு வார்த்தை இல்ல. கதையே தெரியாம படம் எடுக்க வந்துடறாங்க.”

“நான் பாக்கலீங்க. ஆனா புடிக்கலீங்க.” இந்தக் கடைசிக் கருத்துக்குத்தான் அதிகம் கைதட்டல் விழுந்தது. விமர்சனக் கலை இவ்வளவு சுருக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இத்தனை பேர் பேசியும், பேச வேண்டிய ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஜப்பான் அண்ணனிடம் யார் கேட்டாலும், “பாத்துப்போட்டுச் சொல்றேனுங்க” என்பார். அடுத்த வாரம் கண்ணில் புரை. அதற்கடுத்த வாரம் அவர் வீட்டு டிவிக்கே புரை. கடைசி எபிசோட் வெளியான நாளில் எங்கள் வீதி முழுக்க இன்டர்நெட் நின்றுபோனது. சாக்கடை தோண்டியவர்கள் வயரை வெட்டிவிட்டார்கள் என்றார் அண்ணன். எங்கள் வீதியில் சாக்கடையே இல்லை, அதற்காகத்தான் பத்து வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வயர் இல்லாவிட்டால் என்ன, கையில் செல்போன் இருக்கிறதே. பார்த்தோம். பார்த்திருக்க வேண்டாம். ராசு மதகைத் திறக்கவில்லை. நீலக் கதிர் ஒன்றை ஏவினான். வறண்ட கிரகம் முழுக்கப் பற்றி எரிந்து, வெள்ளையாக வெடித்து, சாம்பலாகிப் போனது. முகமூடிக்காரர் மண்டியிட்டுக் கதறினார், ஊரே போன பிறகு ஒருவன் கதறுவதுபோல.

குழு கொதித்தது. ராசுவைக் கொலைகாரன் ஆக்கிவிட்டார்கள்! டீச்சரக்கா அழுதுகொண்டே வாய்ஸ் நோட் போட்டார். நான் ஆபீஸ் நேரம் போகக் கதை எழுதுகிறவன் அல்லவா, சும்மா இருக்க முடியுமா? உலக ரசிகர்கள் கூடும் ஒரு தளத்தில் ஆங்கிலத்தில் ஏழு பத்தி எழுதினேன். ஒரிஜினலின் ஆன்மாவே அந்தத் தண்ணீர்தான் என்றும், அதை நீக்கியது நாகரிகத்துக்கே இழைத்த துரோகம் என்றும் எழுதினேன். “எந்தத் தண்ணீர்?” என்று பிரேசிலிலிருந்து ஒருவர் கேட்டார். முதலில் ஒரிஜினலைப் பார்த்துவிட்டு வரும்படி அவருக்கு அறிவுரை சொன்னேன். அரை நாளில் ஐந்து கண்டங்களில் இருந்தும் எனக்குச் சிரிப்புப் பொம்மைகள் வந்து சேர்ந்தன.

சலீம் இன்னும் ஒரு படி மேலே போனான். ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் ஜப்பான் அண்ணனுக்குப் பாராட்டு விழா என்று அறிவித்தான். ரீமேக்கின் கடைசிக் காட்சியைத் திரையில் போட வேண்டும், அண்ணன் மேடையேறி அதில் உள்ள பிழைகளை ஊருக்கு விளக்க வேண்டும். ஃப்ளெக்ஸ் அன்றைக்கே எழும்பிவிட்டது. நடுவில் கை கூப்பிய அண்ணன், பின்னால் பனி மலை, கீழே பாஸ்போர்ட் அளவில் நாங்கள் அறுபத்தோரு பேர். மேலே ‘ஜப்பான் மொழிச் செம்மல்’.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சரவணம்பட்டியில் என் ஆபீஸுக்குக் கீழே இருக்கும் பேக்கரியில் ரம்யா என் எதிரே லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். சென்னைப் பெண், எங்கள் டீமில் ஜப்பான் வாடிக்கையாளர்களிடம் பேசுவது அவள்தான். முறையாகப் பரீட்சை எழுதித் தேறியவள்.

“சார், உங்க விமர்சனம் படிச்சேன். நீங்க எந்த ஒரிஜினலைப் பார்த்தீங்க?”

“ஒரிஜினல்ல எந்த ஒரிஜினல்? ஒண்ணுதான்.”

அவள் அந்தப் பழைய தொடரின் கடைசி எபிசோடை ஓடவிட்டாள். கீழே ஆங்கிலத்தில் வரிகள் ஓடின. பப்ஸைக் கையில் பிடித்தபடியே பார்த்தேன். கதிர், தீ, சாம்பல், கதறல். ரீமேக்கில் இருந்த அத்தனையும் அதே வரிசையில் இருந்தன.

“தண்ணி எங்க சார்?” என்றாள் ரம்யா.

நான் சலீமுக்கு போன் போட்டேன். கடையைச் சாத்திவிட்டு வந்தான், பார்த்தான், மறுபடி ஒருமுறை போடச் சொல்லிப் பார்த்தான். “இருபத்தஞ்சு வருசத்துக்கு மேலாச்சுடா. எத்தன பேருகிட்ட நான் இந்தக் கதையச் சொல்லியிருக்கறேன்! என்ற நிக்காஹ்ல கூடச் சொன்னேன்டா” என்றான். அவனுக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது. எனக்கு ஐந்து கண்டத்துச் சிரிப்பும் மொத்தமாகக் கேட்டது. இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனோம்.

கொங்கு நாட்டில் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுவது நடைமுறையில் சாத்தியமில்லாத காரியம். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அக்கா இலை போட்டுவிட்டார்.

“ஏனுங்ணா, உங்களுக்கு ஜப்பான் பாஷை…” என்று சலீம் ஆரம்பித்தான்.

“வந்ததும் வராததுமா என்ன பேச்சு கண்ணு? மொதல்ல சாப்புடுங்க” என்றார் அண்ணன்.

அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், பக்கத்தில் தயிர். முதல் தடவை வைத்தபோது நாங்கள் முறைத்துக்கொண்டு சாப்பிட்டோம். இரண்டாம் தடவை வைத்தபோது சலீம் ஊறுகாய் கேட்டான். மூன்றாம் தடவைக்குப் பிறகு யார்மேல் கோபம் என்று எங்களுக்கே நினைவில் இல்லை. கை கழுவிவிட்டு வந்த பிறகு அண்ணனே பேச்சை எடுத்தார்.

“தெரியாது கண்ணு. அந்த இஞ்சினியர் ஸ்பேனர் கேட்டது மட்டுந்தான் தெரியும். அதையுங்கூட அவரு கையக் காட்டித்தான் கேட்டாரு.”

“அப்ப இருபத்தாறு எபிசோடும்?”

“உருட்டுனதுதான். படத்தப் பாத்தா என்ன தோணுதோ அதச் சொன்னேன். கடைசிக் கேசட்டு மட்டும் அப்பிடி இல்ல. அதப் புரிஞ்சுக்கப் பாஷை தேவப்படல.”

அந்தக் கேசட்டை ஒளிபரப்புவதற்கு முன் அண்ணன் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். அது எந்த வருடம் என்று கோவைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் இந்து முஸ்லிம் கலவரம், ஊரடங்கு. வீதியில் பூட்ஸ் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் சாத்திய வீடுகளுக்குள் இருந்தோம், ஆறு மணிக்கு ராசு வருவார் என்பது ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம்.

“கேசட்டுல அந்தூருல கொழந்தைக எல்லாம் வெளையாடிட்டு இருக்குது கண்ணு. இவன் ஒரு அமுக்கு அமுக்கறான். ஒரு உசுரு மிச்சமில்ல. நான் எந்திரிச்சு சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். வாசல்ல போலீசு வண்டி நிக்குது. இந்தப் பக்கத்து ஊட்டுல நீ, அந்தப் பக்கத்து ஊட்டுல சலீமு. ரெண்டு பேரும் டிவி முன்னால குத்த வெச்சு உக்காந்திருப்பீங்க. உங்களுக்கு நான் இதையவா போயிச் சொல்றது? ராசு எதிரியக் கொளுத்திப்போட்டாருன்னா? சொல்ல முடியலடா. அதுதான் தண்ணியத் தொறந்து உட்டுப்போட்டேன்.”

எனக்கு வேறொரு காலை நினைவுக்கு வந்தது. ஊரடங்கு எடுத்த மறுநாள். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாதே என்று என் வீட்டிலும் சொல்லியிருந்தார்கள், அவன் வீட்டிலும் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு எங்கள் கேட்டில் டால்டா டப்பா முகமூடி ஒன்று தலையைக் குனிந்தபடி வந்து நின்றது. அம்மா பார்ப்பதற்குள் நான் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“விழாவை நிறுத்திரலாங்ணா” என்றான் சலீம்.

“வேண்டாம். நாயித்துக்கெழம மேடையில நானே சொல்லிப்போடறேன். இத்தன வருசம் ஏமாத்துனது போதும்.” அண்ணன் வெற்றிலைத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். “அப்பறம் என்னை என்னன்னு கூப்புடுவாங்க கண்ணு? ஜப்பான் போயிருச்சுன்னா, என்ற பேரே இங்க ஒருத்தருக்கும் தெரியாதே.”

அவர் வீட்டில் அத்தனை முறை சாப்பிட்டிருக்கிறோம். அன்றைக்கு யோசித்துப் பார்த்தபோது அவர் பெயர் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

ஞாயிறு காலை சமுதாயக் கூடம் நிறைந்து வழிந்தது. முன்வரிசையில் தரையில் நேயர்களின் பிள்ளைகள், பின்னால் நாற்காலியில் நேயர்கள். ‘மொழிபெயர்ப்பாளரைப் பார்க்க வேண்டும்’ என்று கிண்டலாகச் சொல்லி ரம்யாவும் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். நான்கு பேர் வாழ்த்திப் பேசினார்கள். அதில் மூன்று பேர் ரீமேக்கைப் பார்க்காமலே கிழித்தார்கள். பிறகு சலீம் மைக்கை அண்ணன் கையில் கொடுத்தான்.

“எல்லாத்துக்கும் வணக்கமுங்க” என்றார் அண்ணன். “எனக்கு ஜப்பான் பாஷை தெரியாதுங்க. ஒரு எழுத்துத் தெரியாதுங்க. நான் சொன்னதெல்லாம் நானாக் கட்டுன கதைங்க. என்னை மன்னிச்சுப்போடுங்க.”

டீச்சரக்கா எழுந்தார்.

“பாத்தீங்களா? எவ்வளவு தன்னடக்கம்!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அண்ணன் பதறிப்போய், “இல்லீங்க, நெசமாலுமே தெரியாதுங்க!” என்றார். விசில் பறந்தது. “சத்தியமாத் தெரியாதுங்க!” என்றதற்கு ஒருவர் பொன்னாடையோடு மேடைக்கு ஓடினார். எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாதுங்க என்று சொல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் தொடங்குவதில்லை. ஐம்பது லாரி வைத்திருப்பவரும் ஏதோ வண்டி ஓடுதுங்க என்பார். அந்த ஊரில் போய் ஒரு மனிதர் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மூன்றாவது பொன்னாடையோடு அண்ணன் சரணடைந்தார்.

அடுத்தது கடைசிக் காட்சி. சத்தத்தை அடைத்துவிட்டுத் திரையில் போட்டார்கள், அண்ணன் ஒரிஜினல்படி பேசிக் காட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். பழைய கேசட்டில் எல்லாம் மங்கல், நீலம் தெரிந்தால் தண்ணீர் என்று சொல்லிவிடலாம். இதிலோ ஒவ்வொரு முகமும் தெரிந்தது. வறண்ட கிரகத்தின் வீதியில் விளையாடும் குழந்தைகளின் கால் கொலுசு வரை தெரிந்தது. நீலக் கதிர் கிளம்பியது. அண்ணன் மைக்கைப் பிடித்தபடி நின்றார், வாய் திறக்கவில்லை. கதிர் இறங்கியது. திரை வெளுக்கத் தொடங்கியது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், “அய்யோ, அவிங்களுக்கு என்னாச்சு?” என்று கத்தியேவிட்டாள்.

அண்ணன் திரையை விட்டுத் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“ஒண்ணும் ஆகல அம்மணி. தண்ணி வருது. ரொம்ப நாளா அடச்சு வெச்சிருந்த தண்ணி பாரு, தொறந்தா மொதல்ல நொரையாத்தான் பொங்கும். எல்லாரும் நனையறாங்க, அதுதான் வெள்ளையாத் தெரியுது. இரு, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுரும்.”

முகமூடிக்காரர் மண்டியிட்டார். அண்ணனின் குரல் இப்போது நன்றாக வயதான குரல். அது உடைந்தது.

“தண்ணி வந்துருச்சுங்க ராசு. தண்ணி வந்துருச்சுங்க. இத்தன நாளு நாம எதுக்குங்க சண்ட போட்டோம்?”

அந்தக் கடைசி வரி பழசில் கிடையாது. கூடத்தில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். டீச்சரக்காவுக்குத் திடீரென்று ஓர் எண்ணம். மைக்கைக் கொண்டுபோய் ரம்யாவின் முன்னால் நீட்டினார். “அம்மணி, நீங்க ஜப்பான் பாஷை படிச்சவங்களாம். அண்ணன் சொன்னது செரிதானுங்களா?”

ரம்யா எழுந்தாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆபீஸில் அதனாலேயே அவளுக்கு எதிரிகள் அதிகம். திரையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். மூன்று பொன்னாடைக்கு நடுவில் அவர் தூக்குக்குக் காத்திருப்பவர்போல நின்றார்.

“சரிதானுங்க” என்றாள் ரம்யா. கோவைக்கு வந்த இரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் ‘ங்க’ அது. “ஒரு வார்த்தைகூடத் தப்பில்லீங்க.”

ஜப்பான் அண்ணன் இடுப்பு வரை குனிந்தார். ரம்யாவும் முறைப்படி குனிந்தாள். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். விழா முடியக் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆனதற்கு அதுதான் காரணம்.

கைதட்டல் அடங்குவதற்குள் யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சலீம். தலையில் முடி கொட்டிப்போன, தொப்பை விழுந்த, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பனான சலீம். கையில் மேடைமேல் வைத்திருந்த தண்ணீர் பாட்டில். அதை என்னிடம் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் தலையைக் குனிந்து நின்றான்.

“ஊத்துடா” என்றான்.

ஊற்றினேன். பாட்டில் முழுவதையும் ஊற்றினேன். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். நான் அழுதேன், அதை எதற்கு மறைக்க வேண்டும்? மேடையிலிருந்து மைக்கில் அந்தக் குரல் கேட்டது.

“பாத்து ஊத்து கண்ணு. தண்ணி வீணாப் போவுது.”

வீணாகவில்லை அண்ணா. ஒரு சொட்டுகூட வீணாகவில்லை.